துண்டுக்கு அடியில் ஏழு சதவீதம்

வலது கைச் சுட்டுவிரலின் நுனிக்கணு என்பது மொத்த மனிதனில் ஏழு சதவீதம். இதில் யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் வஞ்சியூர்ப் பக்கம் உள்ள காயமுற்ற தொழிலாளர் சகாய அலுவலகத்தில், நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தில், பத்தொன்பதாம் பக்கத்தில் அச்சடித்தே இருக்கிறது. கட்டைவிரல் போனால் இவ்வளவு, சுண்டுவிரல் போனால் இவ்வளவு, காதுமடல் கிழிந்தால் இவ்வளவு என்று மளிகைக்கடை விலைப்பட்டியல் மாதிரி வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மூக்குக்கு நேரே மட்டும் 'சூழ்நிலைக்கேற்ப' என்று இருக்கிறது.

கரமனையில் பஸ் ஏறி வந்த கோமதியம்மாளுக்கு இந்த உண்மை ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றேகால் மணிக்குத் தெரியவந்தது. பக்கத்தில் அவளுடைய கணவர் வன்னியபெருமாள் நின்றார். அவருடைய நுனிக்கணு கூட வரவில்லை. அது போய் நாலு மாதம் ஆகிறது. ஆரியசாலையில் வற்றல்மிளகாய் மொத்தக்கடை வாசலில், லாரிக்காரன் பின்கதவை 'படார்' என்று இறக்கியபோது, நடுவில் அவர் விரல் இருந்தது.

"ஏழு சதவீதம் போட்டிருக்கு சேச்சி. டென்ஷன் அடிக்கண்டா, எல்லாம் சரியாகும்" என்றாள் எழுத்தர் ஷைலஜா. அவள் சட்டையில் 'நான் புன்னகையுடன் சேவை செய்கிறேன்' என்று ஒரு வில்லை குத்தியிருந்தது. அதனால் புன்னகைத்தாள்.

"ஏழா? இவுக பொழப்பே போச்சும்மா. ஏழுங்கிய?"

"புக்குல அப்படித்தான் இருக்கு."

"அந்தப் புக்கை எழுதினவன் மிளகாய்க்கடையில வேலை பாத்திருக்கானா?"

ஷைலஜா மறுபடியும் புன்னகைத்தாள். பயிற்சி வகுப்பில் இப்படிப்பட்ட கேள்விக்கும் அதே புன்னகைதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அந்த அலுவலகத்தில் அது 'வெளிப்படைத்தன்மை ஆண்டு'. மேலதிகாரி ஒருவர் ஐந்து நாள் பயிற்சிக்குப் பெங்களூர் போய், வெளிப்படைத்தன்மையோடு திரும்பி வந்திருந்தார். வந்த வாரமே வாசல் கதவுக்கு மேலே 'எல்லாம் வெளிப்படை' என்று ஒரு பலகை ஏறியது. ஜன்னல் திரைகள் கழற்றப்பட்டன. மர அலமாரிகளின் கதவுகள் போய்க் கண்ணாடிக் கதவுகள் வந்தன. கோப்புகள் எல்லாம் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்தன. ஊழியர்களின் சாப்பாட்டு டப்பாவும் கண்ணாடிதான். யார் வீட்டில் நேற்றைய புளிசேரிக் குழம்பு இன்றைக்கும் ஓடுகிறது என்பது அலுவலகம் முழுவதற்கும் தெரியும். மொத்தத்தில் அங்கே எல்லாமே வெளியே தெரிந்தது, அவரவர் மனு எங்கே கிடக்கிறது என்பதைத் தவிர.

கோமதியம்மாள் சூப்பிரண்டு ஐயப்பனின் கண்ணாடி அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள். உள்ளே இருப்பவர் சும்மா இருக்கிறார் என்பதுதான் வெளியிலிருந்தே தெரிகிறதே, அப்புறம் எதற்குத் தட்டுவது?

ஐயப்பன் பொறுமைசாலி. எதையும் முதலிலிருந்து விளக்குவார்.

"பாருங்கம்மா, இது விரலுக்கு விலை இல்ல. வேலை பாக்கிற இடத்துல காயம் பட்டு, சம்பாதிக்கிற திறன் எவ்வளவு குறைஞ்சதோ, அந்த அளவுக்கு மாசாமாசம் சகாயம். முழுசும் போனா முழு ஊனம். கொஞ்சம் போனா பகுதி ஊனம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு கொஞ்சம்னு கண்டுபிடிக்கத்தான் கவர்மெண்ட் எங்களை வச்சிருக்கு."

"அதைத்தான சார் நானும் சொல்லுதேன். இவுகளைப் பழைய வேலையில இருந்து எடுத்து, சாக்கு எண்ணப் போட்டுட்டாக. சம்பளத்துல மூணுல ஒரு பங்கு போச்சு. ஏழு எங்க, மூணுல ஒண்ணு எங்க?"

"சம்பளத்தைக் குறைச்சது முதலாளி. திறனைக் குறைச்சது லாரி. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ரிஜிஸ்டர்ல இவர் ஹெல்பர். ஒரு ஹெல்பருக்குச் சுட்டுவிரல் நுனி எதுக்கு?"

கோமதியம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். இருபத்தேழு வருஷமாக விரலால் பேசியே சம்பாதித்த மனிதர். வாயை வீட்டிலும் கடையிலும் சாப்பிட மட்டும்தான் திறப்பார். அதனால் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சார், எங்க பக்கத்து மொத்த வியாபாரத்துல வெலையை வாயால சொல்ல மாட்டாக. பக்கத்துக் கடைக்காரன் கேட்டுரக் கூடாதுல்லா? வாங்குதவரும் விக்குதவரும் கையைக் கோத்துக்கிட்டு மேல ஒரு துண்டைப் போட்டுருவாக. அடியில விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, கையை முழுசாப் பிடிச்சா அஞ்சு, ரெண்டு தடவை பிடிச்சா பத்து. சுட்டுவிரல் நுனிக்கணு கால் ரூபா. அடுத்த கணு அரை ரூபா. இவுகளுக்குக் கால் ரூபா போச்சு சார். நாங்க சரக்கு வாங்கும்போது விக்குதவன் கால் ரூபாயைத் தேடுதான், அது இல்ல, அரையில போய் நிக்கான். ஒரு லோடு மிளகாய்க்கு அது எவ்வளவுனு கணக்குப் போட்டுப் பாருங்க. முதலாளி ஒரு நாள் பாத்தார், ரெண்டு நாள் பாத்தார், சாக்கு எண்ணப் போன்னுட்டார்."

ஐயப்பன் எட்டி வன்னியபெருமாளின் மற்றக் கையைப் பார்த்தார். "இடது கையில நுனி இருக்கே?"

"இடது கையால வெலை பேசினா லாரி வந்த வழியே திரும்பிப் போயிரும் சார்."

"அது உங்க நம்பிக்கை. நம்பிக்கைக்கு சதவீதம் கிடையாது. முதலாளிகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. இவர் துண்டுக்கு அடியிலதான் வேலை பாத்தார்னு."

முதலாளி சுடலைக்கண்ணு அண்ணாச்சி கடிதம் என்றதும் கல்லாவை மூடினார்.

"ஏ தாயி, துண்டுக்கு அடியில வெலை பேசுதோம்னு கடையோட சீல் போட்டு எழுதிக் குடுக்கணுமாக்கும்? எழுதிக் குடுத்தப்புறம் துண்டு எதுக்கு?"

இருந்தாலும் இருபத்தேழு வருஷத்து ஆள் ஆயிற்றே என்று ஒரு கடிதம் கொடுத்தார். 'வன்னியபெருமாள் மிகவும் நல்லவர்' என்று அதில் எழுதியிருந்தது. ஐயப்பன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, நல்லவராக இருப்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார்.

"அப்போ நேர்லயே செஞ்சு காட்டுதோம்" என்றாள் கோமதியம்மாள். "டாக்டர்மார் கண்ணால பாக்கட்டும். எல்லாம் வெளிப்படையா நடக்கட்டும். போர்டே போட்டிருக்கியளே!"

அந்த 'வெளிப்படை' என்ற சொல்தான் வேலை செய்தது. வெளிப்படைத்தன்மை ஆண்டில் ஒரு குடிமகளே வந்து வெளிப்படைத்தன்மையைக் கேட்பது அதுவே முதல் தடவை. ஐயப்பன் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. இரண்டே வாரத்தில் 'நேரடிச் செயல்விளக்க அமர்வு' என்று நாள் குறித்துக் கடிதம் வந்தது.

மருத்துவக் குழு என்பது டாக்டர் நவநீத் ஒருவர்தான். மற்ற இருவரின் பதவி மூன்று வருஷமாகக் காலியாக இருந்தது. அவற்றுக்குரிய நாற்காலிகள் மட்டும் தவறாமல் குழுவில் கலந்துகொண்டன. டாக்டர் முப்பதைத் தாண்டாதவர், உற்சாகமானவர், எலும்பு மருத்துவர். விரல் பாஷையைக் கோமதியம்மாளிடம் பத்தே நிமிஷத்தில் கற்றுக்கொண்டார். "ஹா! ரொம்ப சயன்டிபிக்!" என்றார்.

வன்னியபெருமாள் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். ஐயப்பன் எழுந்து நின்றார்.

"துண்டு கூடாது."

"ஏன் சார், துவைச்ச துண்டுதான்" என்றாள் கோமதியம்மாள்.

"அடியில நடக்கிறது தெரியாதே. தெரியாததை நாங்க எப்படிப் பதிவு செய்யறது?"

"தெரியாம இருக்கத்தான சார் துண்டு."

"ஆனா தெரியணுமே."

இரு தரப்பும் சரியாகத்தான் பேசின. கடைசியில் ஷைலஜாதான் வழி கண்டுபிடித்தாள். சாப்பாட்டு மேசை மேல் விரித்திருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்தாள். அதைப் போட்டால் துண்டு போட்டதும் ஆயிற்று, உள்ளே தெரிவதும் ஆயிற்று. சட்டமும் சம்பிரதாயமும் இப்படி ஒரே விரிப்பில் ஒத்துப்போனதைப் ஐயப்பன் கோப்பின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். ஷைலஜா செல்போனில் படம் பிடிக்கத் தயாரானாள்.

"எதுக்கு வெலை பேசறது?" என்றார் டாக்டர். "இங்க மிளகாய் இல்லையே."

ஐயப்பன் கோப்பைப் புரட்டினார். "இந்த மேசைமேல தீராம கிடக்கிற ஒரே பொருள் இவரோட சதவீதம்தான். அதையே பேசுங்க. ஏழுல ஆரம்பிக்கலாம்."

கோமதியம்மாள் மேசைக்கு இன்னும் நெருங்கி வந்து நின்றாள். மாசாமாசம் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பது அந்தப் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் இருந்தது.

டாக்டர் கை முழுவதையும் பிடித்து, பிறகு இரண்டு விரலைப் பிடித்தார். ஏழு. வன்னியபெருமாள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. கல்லில் செதுக்கி வைத்த மாதிரி இருந்தார். டாக்டர் எட்டுக்கு வந்தார். கல். ஒன்பதுக்கு வந்தார். கல் கொட்டாவி விட்டது. பத்து என்றதும் வன்னியபெருமாள் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு, நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். 'எனக்கு வேற வேலை இருக்கு' என்கிற பார்வை. டாக்டர் "ஆ!" என்றார். ஆட்டம் சூடு பிடித்துவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

டாக்டர் தானே அவர் கையை இழுத்துப் பிடித்தார். பன்னிரண்டு. மின்விசிறி. பதின்மூன்று. மறுபடியும் மின்விசிறி. டாக்டர் பதின்மூன்றேகால் சொல்லப் பார்த்தார். கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. விரல் வழுக்கிப் பதின்மூன்றரையில் போய் நின்றது. அதற்குப் பிறகு அரை சதவீதத்துக்காகச் சண்டை போடுவது ஒரு டாக்டருக்கு அழகா என்று நினைத்தாரோ என்னவோ, கையை இரண்டு தடவை முழுசாகப் பிடித்து, நாலு விரலைப் பிடித்தார்.

வன்னியபெருமாள் தலையை அசைத்தார். பதினாலு.

அலுவலகமே கைதட்டியது. வெளியே வரிசையில் நின்றவர்களும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் தட்டினார்கள். கோமதியம்மாளுக்கு அன்றைக்கு இருந்த பெருமிதம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. ஷைலஜாவிடம் அந்த வீடியோவை அனுப்பச் சொல்லிக் கேட்டாள். ஷைலஜா அங்கேயே அனுப்பினாள். பஸ் கரமனைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கோமதியம்மாள் அதைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். கீழே 'எங்க வீட்டுக்காரவுக திறமை' என்று எழுதி, கைகூப்புகிற பொம்மை மூன்று வைத்தாள்.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் பத்தி தேனாக இருந்தது: மனுதாரருக்குப் பதினான்கு சதவீதம் என்பது இரு தரப்பும் மனமொப்பித் தீர்மானித்ததாகும். இரண்டாம் பத்தி இப்படிப் போயிற்று: மனுதாரர், காயமுற்ற அதே விரலைக் கொண்டு, ஏழு சதவீதத்தை இருபது நிமிடத்தில் பதினான்காக உயர்த்தியிருப்பதால், பேரம் பேசிச் சம்பாதிக்கும் அவரது திறன் சற்றும் குறையவில்லை என்பது ஐயமறத் தெளிவாகிறது. நுனிக்கணு இல்லாத காரணத்தால் அவருக்குக் கால் சதவீதம் லாபமே கிட்டியிருப்பதையும் இக்குழு பாராட்டுதலுடன் பதிவு செய்கிறது. எனவே திறன் இழப்பு பூஜ்யம். மனுதாரருக்குப் பூஜ்யத்தின் பதினான்கு சதவீதம் இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது.

"பூஜ்யத்துல பதினாலு எவ்வளவுங்க?" என்று கேட்டாள். வன்னியபெருமாள் கட்டைவிரலைச் சுட்டுவிரலின் மிச்சத்தோடு சேர்த்து ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

அதோடு நின்றதா? வாட்ஸ்அப் குழுவிலிருந்து கிளம்பிய வீடியோ, யார் யார் கையோ மாறி ஆரியசாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வன்னியபெருமாள் கையை உருவி மேலே பார்த்தால், இன்னும் விலை ஏற இடம் இருக்கிறது என்று அர்த்தம். கல் கொட்டாவி விட்டால், பாதி வந்தாயிற்று என்று அர்த்தம். இருபத்தேழு வருஷமாக ஒருத்தருக்கும் பிடிபடாத இந்த ரகசியம் இப்போது லாரி கிளீனருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. சாலையில் அவர் சாதாரணமாகக் கொட்டாவி விட்டாலே நாலு பேர் சிரித்தார்கள். என்றைக்காவது பழைய இடத்தில் உட்கார வைக்கலாம் என்று இருந்த சுடலைக்கண்ணு அண்ணாச்சி, இனி சாக்குதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

வீடியோவைப் பரப்பியது யார் என்று வன்னியபெருமாள் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் கோமதியம்மாளுக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலையிலேயே அவரை இழுத்துக்கொண்டு வஞ்சியூருக்கு வந்தாள்.

"என்ன சார் நியாயம் இது? ஜெயிச்சா பூஜ்யமா? தோத்திருந்தா?"

"தோத்திருந்தா அந்த ஏழு அப்படியே கிடைச்சிருக்கும்" என்றார் ஐயப்பன். "நல்லா பேசினதுதான் பிரச்சினை."

"சரி, அது போகட்டும். இப்போ நெஜமாவே இவுக திறன் முழுசும் போச்சு. நீங்க பிளாஸ்டிக்கைப் போட்டு ஊருக்கே காட்டிட்டிய. இனி இவுக கையை ஒருத்தன் தொட மாட்டான். இதுக்கு எவ்வளவு சதவீதம்?"

வீடியோவை ஊருக்குக் காட்டியது யார் என்பதைக் கோமதியம்மாள் இந்த இடத்தில் சொல்லவில்லை. மனுவில் தேவையானதை மட்டும்தானே எழுத வேண்டும்?

ஐயப்பன் நீலப் புத்தகத்தை எடுத்தார், மூடினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது சரிதான்மா. இது பெரிய இழப்பு. ஆனா சட்டம் என்ன சொல்லுது? வேலை பாக்கிற இடத்துல ஏற்பட்ட காயமா இருக்கணும். இந்தக் காயம் ஏற்பட்டது எங்க ஆபீஸ்ல. இது எங்களுக்குத்தான் வேலை பாக்கிற இடம், உங்களுக்கு இல்லை."

"அப்போ இங்க காயம் பட்டா உங்களுக்குத்தான் குடுப்பியளா?"

"அப்படித்தான் விதி."

அதை மெய்ப்பிப்பது போல டாக்டர் நவநீத் உள்ளே வந்தார். வலது நடுவிரலில் பெரிய கட்டு. வன்னியபெருமாள் கையை உருவிய உருவில் தசைநார் பிசகிவிட்டதாம். பணியிடத்தில், பணி நேரத்தில், வீடியோ ஆதாரத்தோடு நேர்ந்த விபத்து. மனுப்போட்டு மூன்றாம் நாளே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. சதவீதம் மட்டும் பாக்கி.

பிசகுக்குப் புத்தகத்தில் விலை இல்லை. ஆனால் செயல்விளக்க அமர்வு சிறந்த முன்மாதிரி என்று மேலிடம் பாராட்டிச் சுற்றறிக்கை விட்டிருந்ததால், இனிமேல் புத்தகத்தில் இல்லாததெல்லாம் விரல் பேசித்தான் தீர்மானிக்கப்பட வேண்டும். டாக்டர் தன்னோடு தானே பேச முடியாது. ஐயப்பனுக்கு அந்தப் பாஷை தெரியாது. அலுவலகப் பதிவேட்டின்படி அது தெரிந்த வேறு ஒரே ஆள் வன்னியபெருமாள்.

"அண்ணாச்சி, ஒரு சகாயம்" என்றார் ஐயப்பன் பணிவாக. "ஆபீஸ் பக்கம் நீங்க உக்காந்து டாக்டர்கூடப் பேசித் தரணும். முடிஞ்சவரைக்கும் குறைச்சுப் பிடிங்க, சர்க்கார் பணம்."

ஷைலஜா பிளாஸ்டிக் விரிப்பை எடுக்கப் போனாள்.

"அதை வையி" என்றார் ஐயப்பன். "இது ஊழியர் சம்பந்தப்பட்ட காரியம். ரகசியம். துண்டு போதும்."

வன்னியபெருமாள் கனமான ஈரிழைத் துண்டைப் போட்டார். டாக்டர் கட்டுப்போட்ட கையை மெதுவாக உள்ளே விட்டார். கோமதியம்மாள் குனிந்து பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள். ஒரு மண்ணும் தெரியவில்லை. துண்டு மட்டும் அங்கங்கே மேடு தட்டி அமுங்கியது. டாக்டர் ஒரு தடவை வன்னியபெருமாளின் முகத்தைப் பார்த்தார். ஒரு தடவை கோமதியம்மாளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். இருபது நிமிஷத்துக்குப் பிறகு துண்டு எடுக்கப்பட்டது.

"எனக்குப் பதினாலு" என்றார் டாக்டர். வன்னியபெருமாள் தலையை அசைத்தார்.

"பதினாலா? குறைச்சுப் பிடிக்கச் சொன்னேனே!" என்றார் ஐயப்பன்.

"ஜெயிச்சா பூஜ்யம்லா சார்?" என்று கோமதியம்மாள் பாய்ந்தாள்.

"அது பேரம் பேசிச் சம்பாதிக்கிறவங்களுக்கு. டாக்டர் சம்பளம் வாங்கிறவர்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஐயப்பன் சார், வன்னியபெருமாள் அண்ணாச்சியோட பழைய உத்தரவுல ஒரு டைப்பிங் பிழை இருக்கு. 'பூஜ்யத்தின்'னு ஒரு சொல் அதிகமா விழுந்திருக்கு. அப்புறம் அந்த ரெண்டாம் பத்தி வேற யாரோட பைலுக்கோ உள்ளது. மாறி வந்திருக்கு."

ஐயப்பன் துண்டைப் பார்த்தார். துண்டு மடிந்து வன்னியபெருமாள் தோளுக்குப் போய்விட்டிருந்தது. ஐயப்பன் ஒரு பெருமூச்சு விட்டு, பேனாவைத் திறந்தார். வெளிப்படைத்தன்மை ஆண்டில் ஐந்து மாதமாகத் தீராத கோப்பு, அடித்து எழுதி முத்திரை குத்த மொத்தம் ஆறு நிமிஷம் எடுத்துக்கொண்டது.

வெளியே வரும்போது கோமதியம்மாள் கேட்டாள்: "உள்ள என்னதான் பேசினிய?"

"யாவாரம்" என்றார் வன்னியபெருமாள். அந்த மாதத்தில் அவர் வாயால் பேசிய முதல் சொல் அதுதான்.

வராந்தா பெஞ்சில் போனக்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட்டில் சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகியவள். மடி நிறைய பேப்பர்: எக்ஸ்ரே, ஆதார் நகல், டாக்டர் சீட்டு. எல்லாவற்றையும் உள்ளே தெரிகிற உறையில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள்.

"இவ்வளவும் போதுமா அக்கா?" என்று கேட்டாள். "இல்ல, இன்னும் ஏதாவது பேப்பர் கொண்டுவரணுமா?"

கோமதியம்மாள் கதவுக்கு மேலே இருந்த 'எல்லாம் வெளிப்படை' பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பேப்பரெல்லாம் கிடக்கட்டும். வீட்டுல நல்ல கனமான துண்டு ஏதாவது இருக்கா தாயி?"